கப்பல் கட்டிய தமிழன்

'கப்பலோட்டிய தமிழன்' என்றவுடன் வ.உ.சிதம்பரனாரின் திருவுருவம் நம் கண்முன் நிற்கும். 1906-ஆம் ஆண்டு தூத்துக்குடியில் அவர் தோற்றுவித்த சுதேசிக் கப்பல் கம்பெனியின் கதையைத் தமிழ்ப் பிள்ளைகள் பாடநூலில் படிக்கின்றனர். அக்கம்பெனிக்காக வாங்கப்பெற்ற 'காலியா' என்னும் நீராவிக்கப்பல் பிரான்சு நாட்டிலிருந்து வந்தது. அதை ஓட்டும் உரிமைக்காகத் தமிழன் போராடினான். அதைக் கட்டியவன் வேற்று நாட்டான். வ.உ.சி.யின் ஈகைக்கு இதனால் சிறிதும் குறை நேராது. ஆனால் வரலாறு கற்பிப்போர் எழுப்ப வேண்டிய மற்றொரு வினா இதன் அருகிலேயே இருக்கின்றது: கப்பலோட்டிய தமிழனை நாம் அறிவோம், கப்பல் கட்டிய தமிழன் எங்கே?

செராஸ், பிரிக்ஃபீல்ட்ஸ், கிள்ளான் வட்டாரங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இவ்வினா அயலானது அன்று. அவற்றுட் பலவற்றின் முன்னோர் கடல் வழியாகவே இம்மண்ணை மிதித்தனர். 1901-ஆம் ஆண்டு திறக்கப்பெற்றுப் போர்ட் சுவெட்டன்ஹாம் என்று வழங்கிப் பின்னர் 1972-இல் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் மாறிய துறையே அவர்களுக்கு மலாயாவின் வாயில். சென்னையையும் நாகப்பட்டினத்தையும் விட்டுப் புறப்பட்ட 'ரஜூலா' போன்ற நீராவிக்கப்பல்களின் பெயர்கள் முதியோர் பேச்சில் நெடுநாள் நிலைத்திருந்தன. பின்வந்த 'சிதம்பரம்' கப்பல் 1985-இல் நேர்ந்த தீ விபத்தோடு ஓய்ந்தது. அதன்பின் பிறந்தவர்க்குக் கடல் என்பது விடுமுறையிற் காணும் காட்சியாகிவிட்டது. நம்மை ஏற்றிவந்த அக்கப்பல்களும் நாம் கட்டியவை அல்ல.

ஆயின், தமிழன் கட்டிய பாய்மரக்கலம் ஒன்று இருபதாம் நூற்றாண்டிலேயே அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து அமெரிக்கக் கரையை அடைந்திருக்கின்றது. அதை விரும்பி வாங்கியவர் செல்வந்தரான ஓர் அமெரிக்கர். அக்கதையும், அதனோடு ஒத்துவைத்து எண்ணத்தக்க மலேசியக் கலம் ஒன்றின் கதையும், இக்காலத்தில் உலகெங்கும் பரவிவரும் ஒரு விருப்பத்தின் பகுதிகளாகும். பழைய கோலத்தில் புதிய உல்லாசக் கலம் கட்டுவதே அவ்விருப்பம்.

கோலம் பழையது, கலம் புதியது

உல்லாசக் கலம் என்ற கருத்து ஐரோப்பாவில் பதினேழாம் நூற்றாண்டில் வேரூன்றியது. டச்சுக்காரர் விரைந்து செல்லும் சிறுகலம் ஒன்றை 'யாக்ட்' என்றனர். வேட்டை என்பது அச்சொல்லின் அடிப்பொருள். பகைவரின் கலத்தைத் துரத்தும் கலமாதலின் அப்பெயர் பெற்றது. 1660-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் அரியணைக்கு மீண்ட இரண்டாம் சார்லசு மன்னனுக்கு ஆம்ஸ்டர்டாம் நகரத்தார் 'மேரி' என்ற கலத்தைப் பரிசளித்தனர். மன்னன் அதைப் பொழுதுபோக்குக்கும் பயன்படுத்தினான். 'யாட்' என்ற ஆங்கில வழக்கு அவ்வாறு பரவிற்று. துரத்தும் கலம் உலாவும் கலமாக மாறியது.

பாய்மரக் கப்பல்களைச் சரக்கு வாணிகத்திலிருந்து நீராவி விரட்டிய பின்னர் வியப்பான மாற்றம் ஒன்று நிகழ்ந்தது. பிழைப்புக்காகப் பாய்விரித்தவர் குறைந்தனர். இன்பத்துக்காகப் பாய்விரித்தவர் பெருகினர். பின்னர் இழைக்கண்ணாடியும் உலோகமும் கலங்கட்டும் பொருள்களாயின. ஓர் அச்சில் வார்த்தவைபோல் ஆயிரக்கணக்கான கலங்கள் வெளிவந்தன. அவற்றில் சலிப்புற்ற செல்வர் சிலர் பாட்டன் காலத்துக் கலத்தின் அழகை நாடினர். அதன் விளைவாக எழுந்தவை இன்றைய பழங்கோலக் கலங்கள். நீர்மட்டத்துக்கு மேலே மரத்தட்டு, உயர்ந்த பாய்மரம், பித்தளைப் பூண். உள்ளே எண்ணெய் இயந்திரம், குளிர்சாதனம், வான்கோள் வழிகாட்டும் கருவி. 1851-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் வைட் தீவைச் சுற்றி நடந்த போட்டியில் வென்று புகழ்பெற்ற 'அமெரிக்கா' என்ற கலத்தின் வடிவில் 1967-இல் புதுக்கலம் ஒன்று கட்டப்பெற்றது இவ்வகைக்கு நல்ல சான்று.

இது செல்வரின் விளையாட்டே என்று தள்ளிவிட்டால் வரலாற்றுக்குப் பயன்படும் ஒரு பாடத்தை நாம் இழப்போம். ஏனெனில், பழைய கோலத்தில் ஒரு கலத்தைக் கட்ட வேண்டுமாயின், அக்கோலத்தை அறிந்த கையோ, அதைக் குறித்துவைத்த தாளோ இருந்தே ஆகவேண்டும். இரண்டும் இல்லாத இடத்தில் பணத்தைக் கொட்டினாலும் பழமை திரும்புவதில்லை.

வல்வையின் அன்னபூரணி

யாழ்ப்பாணத் தீபகற்பத்தின் வடகரையில் வல்வெட்டித்துறை என்னும் ஊர் உள்ளது. வல்வை என்பது அதன் செல்லப்பெயர். அவ்வூரார் தாமே கலங்கட்டித் தாமே கடலோடினர். தமிழகத்துத் துறைகளுக்கும் பர்மாவுக்கும் சென்று அரிசியும் மரமும் பிற பண்டங்களும் ஏற்றி வந்தனர். தலைமை மாலுமியை அவர்கள் 'தண்டையல்' என்று அழைத்தனர். கலங்கட்டும் தச்சருக்குத் தலைவர் 'மேத்திரியார்' எனப்பட்டார். முழக்கோலும் நூலும் கண்ணளவுமே மேத்திரியாரின் கருவிகள். தந்தையின் அருகே நின்று உளி எடுத்துக் கொடுத்த மகனே அடுத்த மேத்திரியார்.

1930-ஆம் ஆண்டு அங்கே ஒரு கலம் கட்டப்பெற்றது. இரண்டு பாய்மரங்கள் கொண்டது, நீளம் 89 அடி, வேப்பமரத்தால் ஆனது. 'அன்னபூரணி' என்று பெயரிட்டனர். நெல்லும் அரிசியும் ஏற்றி வாழ்ந்த மக்களுக்கு உணவளிக்கும் அன்னையின் பெயரைவிடப் பொருத்தமான பெயர் வேறு கிடைக்குமா?

வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் கடலுலாவில் பெயர்பெற்றவர். 1928-ஆம் ஆண்டு முதல் 1931-ஆம் ஆண்டு வரை 32 அடி நீளமுள்ள 'ஸ்வாப்' என்ற சிறுகலத்தில் உலகைச் சுற்றியவர். இலங்கைக்கு வந்தபோது வல்வைக் கலங்களின் வடிவு அவர் கண்ணைக் கவர்ந்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சென்ற நூற்றாண்டோடு மறைந்துவிட்ட பாய்மரக்கலத்தின் சாயலை அவர் இங்கே உயிரோடு கண்டார். அன்னபூரணியை விலைக்கு வாங்கினார். தம் மனைவியின் பெயரால் அதற்கு 'ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன்' என்று புதுப்பெயர் சூட்டினார்.

பெயர் மாறிற்றே ஒழிய ஓட்டிய கைகள் மாறவில்லை. தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் வல்வையைச் சேர்ந்த மாலுமிகளும் 1937-ஆம் ஆண்டு கலத்தை இலங்கையிலிருந்து செலுத்தினர். ஏடன் வழியாகச் செங்கடலுக்குள் நுழைந்து, சூயெஸ் கால்வாயைக் கடந்து, மத்தியதரைக் கடலின் நீளத்தையெல்லாம் அளந்து, ஜிப்ரால்ட்டரைத் தாண்டி அட்லாண்டிக்கில் இறங்கினர். பெர்முடாத் தீவைத் தொட்டு, 1938-ஆம் ஆண்டு ஆகஸ்டு 1-ஆம் நாள் மாசச்சூசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறையை அடைந்தனர். குளோஸ்டர் என்பது பாய்மர மீன்கலங்களுக்குப் பேர்போன ஊர். கலத்தின் அருமையை அறிந்த அவ்வூரார் நடுவில் அன்னபூரணி நங்கூரமிட்டது.

வங்கக் கடலின் பருவக்காற்றுக்கென அமைந்த கலம் அட்லாண்டிக்கின் அலைகளையும் தாங்கிற்று. அந்த மேத்திரிமாரின் தேர்வுக்கு இதனினும் சிறந்த சான்றிதழ் வேண்டுவதில்லை. ஆயினும் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். வாணிகத்துக்குக் கட்டிய கலம் விருப்பப் பொருளாகக் கைமாறியது. அரிசி சுமந்த கலத்தின் நெற்றியில் ஒரு சீமாட்டியின் பெயர் ஏறியது. தொழில் தன் பயனை இழக்கும்போது அழகு ஒன்றே அதற்கு விலையாகின்றது.

தாளில் நின்ற கலம்

ராபின்சனின் முயற்சி அன்னபூரணியோடு நின்றுவிடவில்லை. அதே மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் இப்ஸ்விச் என்னும் ஊரில் அவருக்கு ஒரு கலங்கட்டும் துறை இருந்தது. அன்னபூரணி குளோஸ்டரை அடைந்த அதே 1938-ஆம் ஆண்டில் அத்துறையில் 'ஸ்விஃப்ட் ஆஃப் இப்ஸ்விச்' என்ற கலம் கட்டி முடிக்கப்பெற்றது. ஏறத்தாழ 70 அடி நீளமுள்ள இது, பதினெட்டாம் நூற்றாண்டில் அமெரிக்க விடுதலைப்போர்க் காலத்தில் ஓடிய 'ஸ்விஃப்ட்' என்ற விரைவுக்கலத்தின் சாயலைத் தழுவிச் சற்றுச் சுருக்கிக் கட்டப்பெற்ற உல்லாசக் கலமாகும். 1940-இல் திரைப்பட நடிகர் ஜேம்ஸ் காக்னி இதை வாங்கினார். பல்லாண்டுகள் அவருடைய மகிழுலாக் கலமாக இருந்து, பின்னாளில் லாஸ் ஏஞ்சலஸ் கடற்பகுதியில் இளைஞருக்குக் கடற்பயிற்சி தரும் கலமாயிற்று. ராபின்சன் தமக்கென்று கட்டிக்கொண்ட 'வருவா' என்ற பாய்மரக்கலம் 1942-இல் நீரில் இறங்கியது.

இங்கே ஆசிரியர்கள் மாணவர்க்கு எடுத்துக்காட்ட வேண்டிய ஒப்புமை ஒன்று உள்ளது. அன்னபூரணி, ஸ்விஃப்ட் ஆகிய இரண்டும் பழைய கோலத்துக் கலங்கள். இரண்டிலும் கைபட்டவர் ஒருவரே. ஆனால் ஸ்விஃப்ட் பிறந்த விதம் வேறு. அதன் மூலக்கலம் ஓடி மறைந்து ஒன்றரை நூற்றாண்டு ஆகியிருந்தது. அதைக் கட்டிய தச்சர் எவரும் உயிரோடில்லை. ஆயினும் பிரிட்டிஷ் கடற்படையினர் அக்காலத்திலேயே அதன் உடலை அளந்து வரைந்து வைத்திருந்தனர். அந்த வரைபடத்தைக் கொண்டு 1938-இல் அதை மீண்டும் எழுப்ப முடிந்தது. அன்னபூரணிக்கோ உயிருள்ள தச்சர் இருந்தனர், தாள் இல்லை. தாள் இருந்தமையால் கை அழிந்தும் ஒரு கலம் மீண்டது. கை மட்டுமே இருந்த இடத்தில், கை ஓய்ந்தால் கலமும் ஓய்ந்தது.

தமிழில் கலங்கட்டுதலைப் பற்றி எழுத்தே இல்லை என்று கொள்ளற்க. 'கப்பல் சாத்திரம்' என்னும் சிறுநூல் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூல்நிலைய வெளியீடாக 1950-இல் அச்சேறியது. மரங்களின் இயல்பு, நல்ல நாள், அளவு முறை, அவற்றால் வரும் நன்மை தீமை ஆகியவை அதில் பேசப்படுகின்றன. ஆயினும் நிமித்தம் பார்க்கும் நூலைக் கொண்டு கலத்தின் வளைவை மீட்க இயலாது. கடாரம் கொண்ட இராசேந்திர சோழனின் 1025-ஆம் ஆண்டுப் படையெடுப்பைப் புகழும் மெய்க்கீர்த்தி, அலைகடல் நடுவே பல கலம் சென்றதைச் சொல்லும். அக்கலங்களின் நீள அகலத்தைச் சொல்லாது. வென்றவனின் பெயர் கல்லில் ஏறியது. கட்டியவனின் கணக்கு அவன் மூளையோடு போயிற்று.

துயோங் தீவின் வானவில் நாகம்

மலேசியாவின் கீழைக்கரையில், கோலத் திரெங்கானு நகரையொட்டி ஆற்றின் முகத்தில் துயோங் என்ற சிறுதீவு உண்டு. மலாய்க் கலத்தச்சரின் தாயகம் அது. அங்கே கட்டப்பெற்ற பெரிய பாய்மரக்கலங்களுள் 'பினாஸ்' என்பதும் 'பெடார்' என்பதும் புகழ்பெற்றவை. பினாஸ் என்னும் பெயரிலேயே ஐரோப்பியச் சாயல் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுல்தான் பகிண்டா ஓமார் திரெங்கானுவை ஆண்ட காலத்தில் ஓர் ஐரோப்பியரின் துணையோடு முதல் பினாஸ் கட்டப்பெற்றதாகச் செவிவழிச் செய்தி கூறும். உடல் ஐரோப்பியச் சாயலுடையது; பாயோ மூங்கில் விலா வைத்த சீனப்பாய்; கட்டுமுறை மலாய்க்காரருடையது. மூன்று நாகரிகங்கள் ஒரு கலத்தில் கூடின.

இக்கட்டுமுறை தனிச்சிறப்புடையது. ஐரோப்பியர் முதலில் ஏராவும் விலாச்சட்டங்களும் நிறுத்தி, எலும்புக்கூட்டின்மேல் தோல் போர்த்துவதுபோல் பலகை பதிப்பர். துயோங் தச்சரோ முதலில் பலகைகளையே ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிக் கலத்தின் வயிற்றை வளர்ப்பர். அதன் பின்னரே உள்ளே சட்டங்களைப் பொருத்துவர். மரம் செங்கால், மலாயாக் காடுகளின் வைர மரம். பலகையை நெருப்பின்மேல் காட்டி வளைப்பர். பலகையின் விளிம்பில் துளையிட்டு, 'பாசோக்' என்னும் கடினமர முளைகளை அடித்து அடுத்த பலகையை அதன்மேல் இறக்குவர். இரண்டுக்கும் இடையே கெலாம் மரத்தின் மெல்லிய பட்டையை வைப்பர். நீர்பட்டால் பட்டை பருத்து இடுக்கை அடைக்கும். வரைபடம் கிடையாது. ஹாஜி அப்துல்லா மூடா போன்ற மூத்த தச்சர்கள் கலத்தின் வடிவைத் தம் உள்ளத்திலேயே தாங்கியிருந்தனர். வல்வை மேத்திரியாரின் உடன்பிறந்தார் என்றே இவர்களைச் சொல்லலாம்.

சயாமுக்கும் சிங்கப்பூருக்கும் சரக்கேற்றிய பாய்மரக்கலங்கள் இயந்திரக் கப்பலோடும் நெடுஞ்சாலையோடும் போட்டியிட முடியாமல் ஓய்ந்தன. தச்சுத்துறைகள் வெறிச்சோடத் தொடங்கிய வேளையில் அயல்நாட்டுக் கடலுலாவிகள் துயோங்குக்கு வந்தனர். அவர்களுள் கிறிஸ்டோஃப் ஸ்வோபோடா என்ற ஜெர்மானியர் குறிப்பிடத்தக்கவர். அவருக்காக 1981-இல் 'நாகா பெலாங்கி' என்ற கலம் கட்டப்பெற்றது. வானவில் நாகம் என்பது அதன் பொருள். அக்கலத்தில் அவர் உலகைச் சுற்றி வந்தார். பின்னர் அதே பெயரில் பெரியதொரு பினாஸ் கலத்தைக் கட்டத் துணிந்தார். 2004-ஆம் ஆண்டு தொடங்கிய வேலை 2009-ஆம் ஆண்டு முடிந்தது. பெரும்பாலும் கையாலேயே செய்த வேலை. விருந்தினரை ஏற்றி உலாவரும் கலமாக அது கடலில் இறங்கியது.

பினாஸ் கலத்தைப் பார்க்க விரும்புவோர் திரெங்கானு மாநில அரும்பொருட்காட்சியகத்தில் வைக்கப்பெற்றுள்ள 'சபார்' என்ற பழைய பினாஸைக் காணலாம். கரையேறிய சபாரும் கடலில் இறங்கிய நாகா பெலாங்கியும் ஒரே மரபின் பிள்ளைகள். ஒன்று மரபின் உடல். மற்றொன்று அம்மரபு உயிரோடிருந்ததற்கு அடையாளம். ஏனெனில், கலத்தைக் காட்சியகத்தில் வைத்துக் காக்கலாம். கலங்கட்டும் அறிவைக் கலங்கட்டினாலன்றிக் காக்க முடியாது.

பேப்பூர் உருவும் மஸ்கத்தின் மணியும்

தமிழகத்தின் அண்டை நாடான கேரளத்தில், கோழிக்கோட்டின் அருகே பேப்பூர் என்னும் துறையில் 'உரு' என்ற பெரிய மரக்கலங்கள் வழிவழியாகக் கட்டப்படுகின்றன. அரபு வணிகருக்காகச் சரக்குக்கலமாகக் கட்டப்பெற்ற உரு, இன்று வளைகுடா நாட்டுச் செல்வரின் உல்லாசக் கலமாக உருமாறியிருக்கின்றது. கத்தார் நாட்டிலிருந்து வரும் விருப்பக் கட்டளைகள் அத்தொழிலுக்கு உணவளித்துள்ளன. அங்கும் தலைமைத் தச்சரின் உள்ளமே வரைபடம். முடிந்த கலத்தை உருளைகளாலும் கயிற்றாலும் நீருக்கு நகர்த்துவோர் மாப்பிளைக் கலாசிகள். யந்திரம் தயங்கும் பளுவையும் அவர்கள் பாட்டின் தாளத்தில் நகர்த்துவர்.

கிள்ளான் மக்களுக்கு இன்னும் அணுக்கமான நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே 1998-இல் ஒன்பதாம் நூற்றாண்டுக் கலம் ஒன்று கடலடியில் கண்டறியப்பெற்றது. சீனத்துத் தாங் அரசர் காலத்து மட்கலங்கள் ஏறத்தாழ அறுபதினாயிரம் அதிலிருந்து வெளிவந்தன. அக்கலத்தின் பலகைகள் ஆணியால் அறையப்படாமல் கயிற்றால் தைக்கப்பட்டிருந்தன. அதை அடியொற்றி ஓமான் நாட்டார் 'மஸ்கத்தின் மணி' என்ற பொருள்படும் பெயரில் 18 மீட்டர் நீளமுள்ள தையற்கலம் ஒன்றைக் கட்டினர். தென்னை நாரைத் திரித்துப் பலகை தைக்கும் வேலைக்குக் கேரளத்துக் கயிற்றுத் தொழிலாளர் சென்றனர். 2010 பிப்ரவரி 16-இல் மஸ்கத்தை விட்ட அக்கலம் கொச்சி, காலி, பினாங்கு, கிள்ளான் துறைமுகம் ஆகிய இடங்களைத் தொட்டு, ஜூலை 3-இல் சிங்கப்பூரை அடைந்தது. இலங்கையில் தங்கியபோது வெடிப்புற்ற பாய்மரங்களுக்கு மாற்றாக அந்நாட்டுத் தேக்கு ஏறியது.

இது செல்வரின் உல்லாசத்துக்குக் கட்டியதன்று, ஓமான் மன்னர் சிங்கப்பூருக்கு அளித்த அன்பளிப்பு, ஆராய்ச்சிக்குத் துணையானது. ஆயினும் இதுவும் அதே உண்மையை உணர்த்துகின்றது. ஆணியின்றிக் கலம் தைக்கும் கை இந்துமாக்கடலின் கரையில் எங்கோ ஓரிடத்தில் உயிரோடிருந்தமையால்தான் ஆயிரத்து இருநூறு ஆண்டுக்கு முற்பட்ட கலம் மீண்டும் மிதந்தது.

காப்பதும் கவர்வதும்

இனி, செல்வரின் விருப்பம் ஒரு தொழிலைக் காக்குமா என்ற வினாவை நடுநின்று ஆராய வேண்டும்.

காக்கும் என்போர் கூறுவது இது: கேட்பாரற்றுக் கிடந்த தச்சருக்கு நல்ல கூலி கிடைத்தது. ஏளனமாக எண்ணப்பட்ட பழமை மதிப்புப் பெற்றது. கைமுறைகள் படமும் எழுத்துமாகப் பதிவாயின. துயோங்கில் அயல்நாட்டார் விருப்பம் இல்லையாயின், பினாஸ் கட்டும் முறை ஒரு தலைமுறைக்கு முன்பே மாய்ந்திருக்கும். இது மெய்யே.

காவாது என்போர் கூற்றிலும் மெய் உண்டு. சரக்கு வாணிகம் ஆண்டுதோறும் கலம் கேட்கும். செல்வரின் ஆசை எப்போதோ ஒருமுறை கேட்கும். வாணிகம் ஓர் ஊரையே வாழவைக்கும். ஆசை ஒரு பட்டறையை மட்டும் சில ஆண்டுகள் வாழவைக்கும். நாகா பெலாங்கி முடிய ஐந்தாண்டு சென்றது. அடுத்த கட்டளை என்று வருமோ என்று காத்திருக்கும் தொழிலைத் தன் மகனுக்கு எந்தத் தச்சன் கற்பிப்பான்? மகன்தான் கற்க வருவானா? செங்கால் மரமும் அருகிவிட்டது. வயது முதிர்ந்த வைர மரம் காட்டில் இல்லாதபோது கைத்திறன் இருந்தும் என்ன பயன்?

இரு பக்கத்தையும் சீர்தூக்கினால் ஒரு முடிவு தெளிவாகின்றது. செல்வரின் விருப்பம் தொழிலை வாழவைப்பதில்லை. அதன் இறப்பைச் சற்றுத் தள்ளிவைக்கின்றது. அவ்வாறு கிடைக்கும் இடைவேளை அருமையானது. அந்த இடைவேளையில் யார் விழித்துக்கொண்டு அறிவை எழுதி வைக்கின்றார்களோ அவர்களுக்கே பழமை சொந்தமாகும். துயோங்கின் தச்சுமுறை இன்று ஆராய்ச்சியாளர் குறிப்புகளில் பதிவாகியிருக்கின்றது. அன்னபூரணிக்கு அமெரிக்க வருகை கிடைத்தது. வல்வையில் அது பிறந்த முறைக்கு அத்தகைய பதிவு கிடைத்ததா? அக்கலத்தின் பயணம் புகழப்படும் அளவுக்கு அதன் தச்சு புகழப்படவில்லை. பயணம் ஒருமுறை முடிந்துபோவது. தச்சோ மீண்டும் மீண்டும் கலம் ஈனும் தாய்.

சொல்லில் மிதக்கும் கலங்கள்

தமிழாசிரியர்க்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். கட்டுமரம் முதல் நாவாய் வரை கலவகைகளுக்குத் தமிழில் எத்தனை பெயர்கள்! அம்பி, ஓடம், தோணி, பஃறி, வங்கம், கலம் என்று நிகண்டு விரியும். மாணவர் இவற்றை மனப்பாடம் செய்வர். ஆனால் தோணிக்கும் வங்கத்துக்கும் உடலமைப்பில் என்ன வேற்றுமை என்று கேட்டால் பதில் வராது. பொருளை இழந்த சொல் சடங்காகிவிடும்.

கலத்தின் உறுப்புகளைக் குறிக்கும் சொற்களோ இன்னும் இரங்கத்தக்க நிலையில் உள்ளன. கலத்தின் அடிமரம் 'ஏரா'. அதனின்றும் இருமருங்கும் எழும் விலாச்சட்டம் 'வங்கு'. முன்தலை 'அணியம்'. பாயைத் தாங்கும் குறுக்குமரம் 'பருமல்'. பலகை இடுக்கில் பஞ்சும் நாரும் திணித்து நீர் புகாமல் அடைத்தல் 'கலப்பற்று'. இவை புலவர் படைத்தவை அல்ல. கரையோரத்துத் தச்சரும் மீகாமரும் வழங்கியவை. நம் வகுப்பறைகளில் கப்பலின் படத்தை வரைந்து அதன் உறுப்புகளுக்கு ஆங்கிலப் பெயரை எழுதுகின்றோம். தமிழில் சொல் இல்லாமையால் அன்று, தேடாமையால்.

மலாய்மொழி நம் கடல்வாழ்வுக்குச் சான்று தாங்கி நிற்கின்றது. 'கப்பால்' என்று மலாய்க்காரர் வழங்குவது நம் கப்பலே. 'கெடாய்' நம் கடை. 'பெத்தி' நம் பெட்டி. கப்பலில் வந்த பெட்டி கடையில் இறங்கிய வரலாற்றை இம்மூன்று சொற்களே சொல்லிவிடுகின்றன. 'தண்டல்' என்ற சொல்லின் பயணம் இன்னும் சுவையானது. கப்பலில் மாலுமிகளை மேற்பார்த்தவன் தண்டல். வல்வையில் அவன் தண்டையல். மலாயில் அவன் 'தண்டில்'. தோட்டப்புறத்தில் பால்மரத் தொழிலாளரை மேற்பார்த்தவரையும் தண்டல் என்றே அழைத்தனர். கடலில் இருந்த பதவி ரப்பர்க் காட்டுக்குள் குடியேறிற்று. தம் பாட்டனாரைத் 'தண்டல்' என்று அழைத்த குடும்பங்களில் எத்தனை பிள்ளைகள் அச்சொல்லில் கடல்நீரின் உப்பு இருப்பதை அறிவர்?

ஆதலின் ஆசிரியர் ஆற்றத்தக்க தொண்டு உண்டு. தூத்துக்குடித் தோணியிலோ, நாகைப் படகிலோ, வல்வைக் கலத்திலோ வேலை செய்த முன்னோரையுடைய குடும்பங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் இருக்கக்கூடும். அவர்கள் நாவில் எஞ்சிய சொற்களைக் கேட்டு எழுதலாம். ஒரு சொல்லைக் குறிக்கும்போது அது கலத்தின் எந்த உறுப்பு, எந்த மரத்தால் ஆவது, எப்படிப் பொருத்துவது என்பதையும் உடன் குறிக்க வேண்டும். மாணவரைத் திரெங்கானுவுக்கு அழைத்துச் செல்ல வாய்த்தால், சபாரின் அருகே நின்று ஏராவையும் வங்கையும் அணியத்தையும் விரலால் சுட்டிக் காட்டலாம். மலாய்த் தச்சனின் கலத்தைக் கொண்டு தமிழ்ச்சொல்லுக்குப் பொருள் காட்டுவது இழிவன்று. ஒரே கடலில் தொழில் செய்த இரு மக்களின் உறவை அது பிள்ளைகளுக்கு உணர்த்தும்.

உலகின் செல்வர் பழைய கோலத்தில் கலம் கட்டி மகிழ்கின்றனர், மகிழட்டும். அவர்களிடமிருந்து கற்கத்தக்கது ஒன்றே. அவர்கள் பழமையைப் போற்றும்போது அளவுகோலைக் கையில் எடுக்கின்றனர். நாமோ பழமையைப் போற்றும்போது குரலை மட்டும் உயர்த்துகின்றோம். கடாரம் வென்ற பெருமையை மேடையில் முழங்க ஓர் ஆண்டுவிழா போதும். அன்னபூரணியைப் போன்ற ஒரு கலத்தின் வங்கு எத்தனை, ஏரா எத்தனை முழம், எந்த மரம், எந்தப் பொருத்து என்று சொல்ல ஒரு வாழ்நாள் உழைப்பு வேண்டும். கப்பலோட்டிய தமிழனுக்கு நாம் சிலை எடுத்தோம், அது நன்று. கப்பல் கட்டிய தமிழனுக்குச் சிலை வேண்டா. அவன் கைக்கணக்கை எழுதிவைத்த ஒரு குறிப்பேடு போதும்.